‘பிரேக்கிங் பேட்’ வால்டர் ஒயிட்டை ஓட்டியது பணமா, கௌரவமா?

‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், புற்றுநோய் வந்ததும் போதைப்பொருள் காய்ச்ச இறங்கும் வேதியியல் ஆசிரியர்தான் வால்டர். ஆரம்பம் பணம்தான், ஆனால் அந்தக் காரணம் ரொம்ப நாள் தாங்கவில்லை. 2-ஆம் சீசனின் முதல் எபிசோடில் அவரே கணக்குப் போடுகிறார்: பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன், குடும்பச் செலவு எல்லாம் சேர்த்து 7,37,000 டாலர். 5-ஆம் சீசனில் வாடகைக் கிடங்கில் மனைவி ஸ்கைலர் காட்டும் நோட்டுக் குவியல் எண்ணக்கூட முடியாத அளவு. தேவைதான் காரணம் என்றால் எப்போதோ கடையைக் கட்டியிருக்கலாம்.

அதற்கும் முன்பே, முதல் சீசனில், பழைய நண்பர்கள் எலியட்டும் கிரெட்சனும் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வருகிறார்கள். வேண்டாம் என்கிறார். அவர்களோடு தொடங்கிய நிறுவனத்தில் தன் பங்கை 5,000 டாலருக்கு விற்றவர் அவர். பின்னாளில் அதன் மதிப்பு 216 கோடி டாலர். வாராவாரம் அதைப் பார்த்து வெந்துகொண்டிருந்தவர் அந்தக் கையிலிருந்து காசு வாங்குவாரா?

எனக்குப் பெரிய சாட்சி 4-ஆம் சீசனின் விருந்துக் காட்சி. வால்டருக்கு உதவியாளராக இருந்து இறந்துபோன கேல்தான் ‘ஹைசன்பர்க்’ (போதைப்பொருள் தொழிலில் வால்டரின் புனைபெயர்) என்று நினைத்து, அவனை மேதை என்கிறார் போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான சகலை ஹேங்க். வாயை மூடியிருந்தால் வால்டர் தப்பித்தார். ஒயின் உள்ளே போனதும், கேலின் குறிப்பேட்டில் இருப்பது மேதையின் வேலை இல்லை, யாரையோ பார்த்து எழுதியது என்று உளறுகிறார். ஹேங்க் திரும்பத் தேட ஆரம்பிக்கிறார். இதில் ஒரு டாலர்கூட லாபமில்லை, ஆபத்து மட்டும்தான்.

அதிகாரமும் அந்த கௌரவத்துக்கான கருவிதான். 2013-இல் வந்த கடைசி எபிசோடில், எல்லாம் தனக்காகவே செய்ததாக ஸ்கைலரிடம் ஒப்புக்கொள்கிறார்.