புராஸ்டேட் சுரப்பியும் ஸ்டெம் செல்லும்: கேள்வி பதில்

கேள்வி: புராஸ்டேட்டில் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) ஸ்டெம் செல் (தன்னையும் மற்ற வகைச் செல்களையும் உருவாக்கவல்ல மூலச் செல்) உண்டு என்பதற்கு என்ன ஆதாரம் சார்?

பதில்: ஆண் எலியின் விரைகளை நீக்கினால் ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்) வற்றி, சுரப்பி சுருங்கும். குழாயின் உள்வரிசை (லூமினல்) செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் சுமார் 2 வாரத்தில் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். இப்படிச் சுருக்குவதையும் வளர்ப்பதையும் மாறி மாறிப் பத்துத் தடவைக்கு மேல் செய்தாலும் சுரப்பி சளைப்பதில்லை. ஹார்மோன் இல்லாத காலத்தைத் தாக்குப்பிடிக்கும் செல்கள் உள்ளே இருந்தால்தான் இது நடக்கும்.

கேள்வி: அவை அடிவரிசை (பேசல்) செல்களா, உள்வரிசைச் செல்களா? கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறதே!

பதில்: சோதனை மாறுகிறது, அதனால் பதிலும் மாறுகிறது. பேசல் செல்லைப் பிரித்தெடுத்து, கரு எலியின் சிறுநீர்ப் பிறப்புப் பை மீசென்கைமோடு (கருவின் இணைப்புத் திசு) கலந்து, நோயெதிர்ப்புச் சக்தி இல்லாத எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தால் எல்லா வகைச் செல்களும் கொண்ட புராஸ்டேட் குழாய்கள் உருவாகும். 2008இல் ஒற்றைச் செல்லிலிருந்தே இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் வளர்ந்த எலியின் உடலுக்குள்ளேயே செல்லுக்கு நிற அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தால், பேசல் பெரும்பாலும் பேசலையும் லூமினல் லூமினலையுமே உருவாக்குகின்றன. இடம்பெயர்த்து நட்ட செல் தன்னால் முடிந்ததைக் காட்டுகிறது. அன்றாடம் அது செய்வது அதைவிடக் குறைவு. கட்டுரையைத் திறந்ததும் முதலில் செய்முறைப் பகுதியைப் படியுங்கள்.

கேள்வி: கருவில் புராஸ்டேட்டை உருவாக்கும் கட்டளை எங்கிருந்து வருகிறது?

பதில்: மீசென்கைமிலிருந்து. ஆண்ட்ரோஜன் ஏற்பி (ஆண்ட்ரோஜனைப் பற்றிக்கொண்டு செயல்படும் புரதம்) அங்கே வேலை செய்யாவிட்டால் சுரப்பியின் மொட்டே விடாது. எபிதீலியத்தில் (குழாய்களின் உட்பரப்புச் செல் அடுக்கு) ஏற்பி இல்லாவிட்டாலும் மொட்டு விடும், சுரப்புப் புரதங்கள்தான் வராது.

கேள்வி: மனிதத் திசுவிலிருந்து ஆர்கனாய்டு (ஆய்வகத்தில் வளரும் குட்டி உறுப்பு) வளர்க்கிறோம். முதல் வாரத்திலேயே செத்துவிடுகிறது மேடம்.

பதில்: தனித்தனியாகப் பிரிந்த செல்கள் தாமாகவே மடியும். அதனால் முதல் வாரம் முழுக்க ராக் தடுப்பான் (பிரிந்த செல் மடிவதைத் தடுக்கும் மருந்து) 10 மைக்ரோமோலார் இருக்க வேண்டும். டிஹெச்டி (வீரியமான ஓர் ஆண்ட்ரோஜன்) 1 நானோமோலார். இஜிஎஃப் (செல் வளரத் தூண்டும் புரதம்) மனிதச் செல்லுக்கு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் போதும்; எலிச் செல்லுக்கான 50ஐ அப்படியே போட்டுவிடாதீர்கள். டிஜிஎஃப்-பீட்டா (செல் பெருக்கத்தை அடக்கும் புரதம்) தடுப்பான் விடுபட்டால் வளர்ச்சி நின்றுவிடும். கட்டித் திசுவானால் இன்னொரு வம்பு: சாதாரணச் செல்கள் முந்தி வளர்ந்து புற்றுச் செல்லை மூடிவிடும். மரபணுச் சோதனையில் கட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் புற்று ஆர்கனாய்டு என்று பெயர் ஒட்ட வேண்டாம்.

கேள்வி: பயாப்ஸியில் (திசுத் துணுக்குச் சோதனை) பேசல் செல் இல்லை என்றால் புற்று என்கிறார்கள். அப்படியானால் புற்று லூமினல் செல்லில்தானே தொடங்குகிறது?

பதில்: பி63 (பேசல் செல்லின் அடையாளப் புரதம்) சாயத்தில் பேசல் வரிசை தெரியாதது நோயறிதலுக்கு நல்ல குறி, தோற்றுவாய்க்கு அது சாட்சி ஆகாது. விரை நீக்கிய எலியில் எஞ்சும், என்கேஎக்ஸ்3.1 என்ற புரதம் கொண்ட லூமினல் செல்களில் புற்றைத் தடுக்கும் பிடென் மரபணுவை நீக்கியபோது புற்று வந்தது (2009). மறு ஆண்டே மனிதப் பேசல் செல்லில் ஏகேடி, இஆர்ஜி (புற்றைத் தூண்டும் மரபணுக்கள்), ஆண்ட்ரோஜன் ஏற்பி மூன்றையும் ஏற்றியபோதும் புற்று வந்தது, அதுவும் பேசல் வரிசை இல்லாத புற்று!

கேள்வி: புராஸ்டேட் புற்றுள்ள அப்பாவுக்கு ஹார்மோன் ஊசி (டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஊசி) போட்டும் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) ஏறுகிறது. ஸ்டெம் செல்தான் காரணமா?

பதில்: அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆண்ட்ரோஜன் ஏற்பி பெருகுவது, அதன் குறுகிய வடிவங்கள் உருவாவது, கட்டியே ஆண்ட்ரோஜன் தயாரிப்பது எல்லாம் அடிக்கடி காணப்படுபவை. முதலில் ரத்த டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இல்லையென்றால் ஊசியே சரியாக வேலை செய்யவில்லை. செல்லே உருமாறி ஆண்ட்ரோஜனை நம்பாத நியூரோஎண்டோகிரைன் (நரம்பு, ஹார்மோன் செல் இயல்பு கொண்ட) வகையாவதும் உண்டு. அப்போது பிஎஸ்ஏ அதிகம் ஏறாமலேயே கல்லீரல் போன்ற இடங்களில் நோய் பரவும். அந்த நிலையில் பிஎஸ்ஏ எண்ணை மட்டும் நம்பாமல், பரவிய இடத்திலிருந்து மறு பயாப்ஸி எடுக்கலாமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.