செவ்வாயின் தரைக்கு அடியில் உயிர் வாழத் தகுந்த சூழல் உண்டா என்று ஆராய ஒரு ரோபோ கலத்தை வடிவமைக்கச் சொன்னால், எதிலிருந்து தொடங்குவீர்கள்?

எவ்வளவு ஆழம் என்பதிலிருந்து. என்னென்ன கருவிகளை ஏற்றலாம் என்பதெல்லாம் அப்புறம்.

செவ்வாயில் காற்று மிக மெல்லியது, கோள் முழுவதையும் காக்கும் காந்தப்புலமும் இல்லை. விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்கள், மேல்மண்ணில் உள்ள கரிமச் சேர்மங்களை, அதாவது உயிருக்கு அடிப்படையான கார்பன் சேர்மங்களைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைத்து வருகின்றன. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி துளைப்பது சுமார் 6 செ.மீ. ஆழம்தான். பழைய உயிர்த்தடயம் மிஞ்சியிருந்தால் அதற்கும் வெகு கீழேதான் மிஞ்சியிருக்கும். ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தியில் 2 மீட்டர் இறங்கும் துளைக்கருவியை வைத்திருப்பது அதற்காகத்தான்.

2 மீட்டர்தானே என்று தோன்றும். 2018 நவம்பரில் இறங்கிய இன்சைட் கலத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஜெர்மனியில் செய்த 40 செ.மீ. நீளக் குழல் ஒன்று அதில் இருந்தது. உள்ளே ஒரு சுத்தியல். அது அடிக்க அடிக்கக் குழல் 5 மீட்டர் வரை இறங்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் குழல் பின்னால் எகிறும். சுற்றியுள்ள மண் சரிந்து வந்து இறுக்கிப் பிடித்தால்தான் அந்த உதைப்பு அடங்கும். அங்கிருந்த மண்ணோ சரியாமல் கட்டிதட்டி நின்றது. சுற்றிலும் குழி விழுந்ததே தவிர, பிடிப்பு கிடைக்கவில்லை. இயந்திரக் கையால் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தார்கள், மேலிருந்தும் அழுத்திப் பார்த்தார்கள். குழல் ஒருவழியாகத் தரைமட்டத்துக்குக் கீழே போனதோடு சரி, 2021 ஜனவரியில் முயற்சியை நிறுத்தினார்கள். ஆகவே, தளர்ந்த மணல், உப்பு ஏறி இறுகிய மண், பாறைத்துண்டு கலந்த மண் என எல்லாவற்றிலும் தேறாத துளைக்கருவியை நான் ஏற்ற மாட்டேன்.

இடத்தைப் பொறுத்தவரை, பனிக்கட்டி இருக்கும் இடம்தான் என் மனதுக்கு நெருக்கம். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் வடதுருவப் பகுதியில் தோண்டிய சிறு பள்ளத்தில் வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. நாலு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணோம். உப்பாக இருந்தால் அப்படி மறையாது, பனிக்கட்டி ஆவியாகிவிட்டது! அதே மண்ணில் பெர்குளோரேட் என்னும் குளோரின் சேர்ந்த உப்பும் இருந்தது. சூடாக்கினால் அது ஆக்சிஜனை வெளியிட்டு, நாம் தேடும் கரிமத்தையே எரித்துவிடும். ஆகவே மண்ணைச் சூடாக்கிச் சோதிக்கும் அடுப்பை மட்டும் நம்பக் கூடாது, லேசரால் மூலக்கூறுகளைப் பெயர்த்தெடுக்கும் வழியும் வேண்டும்.

இன்னொன்றையும் விட மாட்டேன். கியூரியாசிட்டி, ஃப்ளூரின் சேர்ந்த செயற்கைச் சேர்மம் கலந்த கட்டிகளைக் கூடவே கொண்டுபோனது. அவற்றைத் துளைத்துச் சோதிக்கும்போது அந்தச் சேர்மத்தைத் தவிர வேறு கரிமம் தென்பட்டால், அது நாம் இங்கிருந்து ஒட்டிக்கொண்டுபோன அழுக்கு.