வாசகர் கேள்வி – பதில்: இருட்டில் பன்றியைப் பார்க்க ஒரு கருவி

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு 4 ஏக்கர் செம்பனை இருக்கிறது. மறுநடவு செய்து ஒரு வருடம்தான் ஆகிறது. இரவில் காட்டுப்பன்றி வந்து கன்றைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. அண்ணனிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியும், 3–9 மடங்கு பெருக்கும் 40 மி.மீ. ஸ்கோப் ஒன்றும் உண்டு. கடையில் விற்கும் நைட் விஷன் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்கள். ஸ்கோப்பின் பின்னால் மாட்டுகிற மாதிரி வீட்டிலேயே மலிவாகச் செய்ய வழி உண்டா?
— சிறுதோட்டக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: உண்டு. சாமான்களுக்கு சுமார் 300 வெள்ளி ஒதுக்குங்கள். ஆனால் ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, கேமராவுக்கு வைக்கும் முக்காலியில் பூட்டிக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த அமைப்புக்குத்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவின் சிலிக்கான் சென்சாருக்குத் தெரியும். சாதாரண கேமராவில் அதைத் தடுக்க ஒரு சிறு கண்ணாடி வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா, அகச்சிவப்பு டார்ச், சின்னத் திரை, மின்கலம் ஆகிய நான்கும் சேர்ந்தால் கருவி முடிந்தது.

கேமராவுக்கு 38 மி.மீ. சதுரப் பலகையில் வரும் சிசிடிவி போர்டு வாங்குங்கள். சோனி ஐஎம்எக்ஸ் 307 போன்ற ‘ஸ்டார்லைட்’ (மங்கலான வெளிச்சத்திலும் பார்க்கும்) சென்சார், 12 வோல்ட், ஏஎச்டியிலிருந்து (சிசிடிவியின் உயர்தெளிவு வீடியோ இணைப்பு) சிவிபிஎஸ்ஸுக்கு மாற்றும் வசதி இருக்க வேண்டும். சிவிபிஎஸ் என்பது பழைய வீடியோ இணைப்புதான். காரில் ரிவர்ஸ் பார்க்க வைக்கும் 4.3 அங்குலத் திரைக்கு அதுவே போதும், படமும் தாமதம் இல்லாமல் வரும். லென்ஸ் எம்12 (12 மி.மீ. விட்டம்) மரையில் 16 மி.மீ. குவியத்தூரம் கொண்டது. எல்லாரும் ஏமாறும் இடம் இந்த லென்ஸ்தான். கேமராவில் தடுப்புக் கண்ணாடி இல்லையென்று கேட்டு வாங்குவார்கள், ஆனால் லென்ஸின் பின்புறத்திலேயே ஒன்று ஒட்டியிருக்கும். சாய்த்துப் பார்த்தால் இளஞ்சிவப்பும் நீலமுமாக மினுங்கும். சந்தேகம் இருந்தால் டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். ரிமோட்டின் முனை திரையில் சின்ன டார்ச் போல வெள்ளையாக எரிய வேண்டும். மங்கலாகப் புள்ளி மட்டும் தெரிந்தால் எங்கோ ஒரு தடுப்பு மிச்சம் இருக்கிறது.

டார்ச் 850 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி தருவது. ஒஸ்ராம் 4715 வகை எல்இடி போட்டு, முன்லென்ஸை முன்னும் பின்னும் தள்ளிக் குவிக்கும் ரகம் நல்லது. ஒரே வெளிச்சம் மட்டும் தரும் ‘சிங்கிள் மோட்’ கேளுங்கள். மூன்று நிலை உள்ள மலிவு டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, திரையில் மட்டும் கறுப்புப் பட்டைகள் ஓடும்.

மின்சாரத்துக்கு மூன்று 18650 லித்தியம் செல்லை வரிசையாக இணைத்துப் பாதுகாப்புப் பலகை வைத்தால் 12.6 வோல்ட்டில் தொடங்கும். திரையும் கேமராவும் சேர்ந்து சுமார் 400 மில்லி ஆம்பியர் இழுக்கும். 2600 மில்லி ஆம்பியர்-மணி செல் என்றால் 5 மணி நேரம் தாராளம். ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அதைவிட எளிய வழி ஆட்டோகேட் (தானாகத் திறக்கும் வாசல் கேட்) பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. கனம் உண்டு, ஆனால் ராத்திரி முழுக்கத் தாங்கும். எதை வைத்தாலும் சிவப்புக் கம்பியில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். கம்பியை மாற்றி இணைத்தால் கேமரா அந்த நொடியே போய்விடும்.

இனி குழாய். ஸ்கோப்பின் கண்பகுதி பெரும்பாலும் 38 முதல் 44 மி.மீ. விட்டம் இருக்கும். அளந்துகொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் வைத்துப் பாருங்கள். லூசாக இருந்தால் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றலாம். குழாயை 130 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, ஸ்கோப் நுழையும் பக்கம் 40 மி.மீ. ஆழத்துக்கு நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டு, மேலே ஹோஸ் கிளிப் ஒன்றை முறுக்குங்கள். மறுமுனைக்கு மூடி. மூடியின் நடுவே லென்ஸ் நுழைய 16 மி.மீ. துளை. போர்டு சதுரமாக இருப்பதால் குழாய்க்குள் போகாது. 3 அங்குல மின்சாரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் அடிப்பாகத்தை மூடியோடு சேர்த்து போல்ட் போடுங்கள். குழாயின் உட்புறம் மினுங்காத கறுப்பு பெயிண்ட் அடிக்காமல் விட்டால் படம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப் போகும்.

ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் கேமரா லென்ஸுக்கும் இடைவெளி எவ்வளவு? கண்ணை வைக்கும் அதே தூரம்தான், வேட்டை ஸ்கோப்பில் 85 மி.மீ. அளவு. மூடியை உடனே ஒட்டிவிடாதீர்கள். முன்னும் பின்னும் நகர்த்தி, திரையின் ஓரம் கறுக்காத இடத்தைக் கண்டுபிடித்த பிறகு ஒட்டுங்கள்.

ஃபோகஸுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெறும் கண்ணால் பார்த்து, ஸ்கோப்பின் குறுக்குக் கோடு கூர்மையாகத் தெரியும்படி கண்வளையத்தைத் திருகுங்கள். அடுத்து கேமராவைத் தனியாகப் பிடித்து, தூரத்துத் தெருவிளக்கு கூர்மையாகும்வரை லென்ஸைத் திருகி அசையாமல் பூட்டுங்கள். அதன்பிறகு இரண்டையும் சேர்த்து, இருட்டில் டார்ச் வெளிச்சத்திலேயே கண்வளையத்தைச் சற்றே திருத்துங்கள். பகலில் சரிசெய்தது இரவில் மங்கும், ஏனென்றால் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் வேறு இடத்தில் குவிகிறது.

பெருக்கத்தை 4 மடங்கில் வையுங்கள். 40 மி.மீ. முன்கண்ணாடியை 4 ஆல் வகுத்தால் 10 மி.மீ. ஒளிக்கற்றை வெளியே வருகிறது. எஃப் 2 என்றால் லென்ஸின் வாய் குவியத்தூரத்தில் பாதி. 16 மி.மீ. எஃப் 2 லென்ஸின் வாய் 8 மி.மீ., ஆக அது முழுதாக நிரம்பும். 9 மடங்கில் கற்றை 4.4 மி.மீ. ஆகிவிடும், அப்போது வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே போகாது. ‘பெரிசாகத் தெரியட்டும்’ என்று 9 மடங்குக்குத் திருகிவிட்டு, டார்ச் சரியில்லை என்று குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

டார்ச்சை ஸ்கோப்பிலேயே கட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் பனியும் தூறலும் திரையில் வெள்ளைச் சாம்பலாகப் பறக்கும். முன்னால் ஒரே ஒரு மட்டை குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், அது பளீரென்று வெளுத்து, கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்து, பின்னால் நிற்பது எதுவும் தெரியாமல் போகும். உட்காருமுன் அந்த மட்டைகளை வெட்டிவிடுங்கள். தூரத்துக்கு மரத்தையே அளவாகக் கொள்ளலாம். முக்கோண நடவில் 9 மீட்டர் இடைவெளி விட்டிருந்தால், வரிசையில் பத்தாவது இடைவெளி 90 மீட்டர். இந்தக் கருவிக்கு அந்தத் தூரம் எட்டும்.

இனி துப்பாக்கி விஷயம். மாடு, நாய், மரநாய் இவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருக்கிறது, திரையில் இரண்டு விளக்குபோல் எரியும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனிதனுக்கும் கிடையாது. ஆக, கண் எரியாமல் குனிந்து நிற்கும் கறுப்பு உருவம் பன்றியாகவும் இருக்கலாம், உதிர்ந்த பழம் பொறுக்க வந்த ஆளாகவும் இருக்கலாம். பக்கத்தில் பால்மரத் (ரப்பர்) தோட்டம் இருந்தால் விடியுமுன்பே வெட்டுக்கு ஆள் வந்துவிடும், தலைவிளக்கை அணைத்துவிட்டு ஓரமாக உட்காரவும் செய்வார்கள். அடையாளம் தெரிந்துகொள்ளத் துப்பாக்கியையே அவர்கள் பக்கம் திருப்பிப் பார்க்கும் நிலைமை வரவே கூடாது. முக்காலியில் இருக்கும் கண்ணாடி யார் பக்கம் திரும்பினாலும் ஆபத்து இல்லை.

சட்டமும் இருக்கிறது. துப்பாக்கி மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. காட்டுப்பன்றி 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதைச் சுட பெர்ஹிலித்தானின் (வனவிலங்குத் துறை) தனி உரிமம் வேண்டும். வேட்டையாடும் முறையும் நேரமும் விதிக்கு உட்பட்டவை. துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதால் மட்டும் இரவில் சுடலாம் என்று அண்ணன் நினைத்துவிட வேண்டாம், முதலில் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று, 12 போர் துப்பாக்கியின் உதைப்பில் சிசிடிவி போர்டின் ஈயப்பற்று விடும், லென்ஸ் மரையும் கழலும்.

நான்கைந்து இரவு பார்த்தாலே பன்றி எந்த மூலையில் நுழைகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்பது தெரிந்துவிடும். வேலியையும் கன்றைச் சுற்றிய கம்பிவலையையும் அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: இதே மாதிரி ஒன்று செய்தேன். திரை நடுவில் காசு அளவு வட்டம்தான் தெரிகிறது. சுற்றிலும் ஒரே கறுப்பு. ஸ்கோப் பழுதா?
— வாசகர், பீடோர்

பதில்: ஸ்கோப்பில் குறை இல்லை. போர்டோடு வந்த 3.6 மி.மீ. லென்ஸையே விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது 75 பாகைக்கு மேல் அகலமாகப் பார்க்கும். வேட்டை ஸ்கோப் கண்ணுக்குத் தருவது ஏறக்குறைய 23 பாகை. அதனால் படம் திரை அகலத்தில் கால்வாசியில் அடங்கிப்போகிறது. 12 மி.மீ. போட்டால் வட்டம் திரையின் உயரத்தை நிரப்பி, இடது வலது ஓரம் மட்டும் லேசாகக் கறுக்கும், 16 மி.மீ. போட்டால் திரை நிரம்பும். லென்ஸை மாற்றிய பின்னும் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி கறுத்தால் கேமரா சாய்ந்திருக்கிறது. மூடித் துளையின் ஓரத்தில் காகிதத்தை மடித்துச் செருகி நேராக்குங்கள்.

கேள்வி: எலிக்காக எங்கள் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்ட ஆசை. 850 டார்ச் நல்லதா, 940 நல்லதா?
— ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: உங்களுக்கு 940 தான், அம்மா. 850 டார்ச்சின் வாயில் மங்கலான சிவப்பு தெரியும், அதைப் பறவையும் பார்க்கும். 940 அறவே தெரியாது. ஆனால் சென்சார் அதை 850இல் பாதி அளவுதான் உணரும், தூரம் குறையும். பெட்டிக்கு 20, 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது ஒரு குறையே இல்லை. 12, 16 மி.மீ. லென்ஸை நேராகப் பயன்படுத்துங்கள், ஸ்கோப் தேவைப்படாது. பெட்டியின் வாசலுக்குள் குவித்து அடிக்காமல், டார்ச்சை விரித்துப் பக்கத்து மட்டையில் படும்படி வையுங்கள். பிள்ளைகள் யாரும் டார்ச்சின் வாயை எட்டிப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் தெரியாததால் கண் கூசாது, கருவிழியும் சுருங்காது, ஆனால் அத்தனை ஒளியும் உள்ளே போகும். இதில் கண்டிப்பாக இருங்கள்.

கேள்வி: தனியாகக் கேமராவும் திரையும் எதற்கு? கைப்பேசியை ஸ்கோப்பில் மாட்டினால் ஆகாதா?

பதில்: கைப்பேசியின் முதன்மைக் கேமராவில் தடுப்புக் கண்ணாடி இருக்கிறது, கழற்றப் போனால் கைப்பேசியே போய்விடும். வைஃபை கேமராவை வைத்துக் கைப்பேசியில் பார்க்கலாம், ஆனால் படம் தாமதமாக வரும். ஓடும் பன்றியைத் தேடும்போது அது மரத்துக்குப் பின்னால் போய்விட்டிருக்கும்.

கேள்வி: அரை மணி நேரம் நன்றாகத் தெரிகிறது, பிறகு படம் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. டார்ச் சூடாகிப் போகிறதா?
— வாசகர், தாப்பா

பதில்: டார்ச் சூடேறினால் படம் மெல்ல இருளும், மூட்டம் போடாது. உங்களுடையது நீராவி. ஏர்கான் போட்ட காரிலிருந்து குளிர்ந்த கண்ணாடியை நம் ஊர் ஈரக்காற்றில் எடுத்தால் உடனே வேர்க்கும். இருட்டுமுன் அரை மணி நேரம் பைக்குள்ளேயே வெளியில் வைத்துவிடுங்கள். அரை மணி கழித்துத்தான் மூட்டம் வருகிறது என்றால் குழாய்க்குள்ளே ஈரம் சிக்கியிருக்கிறது. காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை மின்சாரப் பெட்டிக்குள் போட்டு, மூடியின் விளிம்பில் சிலிக்கோன் பூசுங்கள். அப்படியே திரையின் வெளிச்சத்தையும் பாருங்கள். ஒளியைக் கடைசிவரை குறைத்த பிறகும் முகத்தில் அடித்தால், கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாளில் ஒரு துண்டு வெட்டித் திரைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.