பிள்ளைகளுக்குக் கிலோ, கிராம், லிட்டர் மாற்றும் கணக்கை எப்படிப் புரியவைப்பது?

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று தெரியாமல் குழம்புகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனும் போன வருடம் இதே பாடுதான் படுத்தினான்.

பெருக்கு, வகு என்ற பேச்சையே விட்டுவிட்டுச் சில்லறை மாற்றுவதிலிருந்து ஆரம்பித்தேன். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்து ரூபாயாக வாங்கினால் கையில் பத்துத் தாள். மதிப்பு அதேதான், தாள்தான் கூடுகிறது. கிலோவைக் கிராமாக்குவதும் சில்லறை மாற்றுவதுதான்: 3 கிலோ, 3000 கிராம். கிராமைக் கிலோவாக்கினால் சில்லறை நோட்டாகிறது, எண்ணிக்கை குறைந்தாக வேண்டும். 4500 மில்லிலிட்டரை 45 லட்சம் லிட்டர் என்று எழுதிவைத்தவன், அதற்கப்புறம் தன் விடையைப் பார்த்துத் தானே சிரித்தான்.

நிஜமான தலைவலி புள்ளியில்தான் வந்தது. 2 கிலோ 50 கிராமை 2.5 கிலோ என்றே எழுதுவான். எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த நாள் அதே 2.5. ஒரு சாயங்காலம் காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போய், எலக்ட்ரானிக் தராசுக்கு நேராக நிற்கவைத்தேன். 50 கிராம் இஞ்சி வைத்ததும் 0.050 என்று காட்டியது. அடுத்து அரைக் கிலோ தக்காளி: 0.500. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்போ நான் எழுதின 2.5ல அரைக் கிலோல்ல இருக்கு!" என்றான். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்.

அன்று முதல் வீட்டில் ஒரே விதி. கிலோ-கிராம், லிட்டர்-மில்லி, கிலோமீட்டர்-மீட்டர் எதுவானாலும் புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம். மீட்டர்-சென்டிமீட்டருக்கு மட்டும் ரூபாய்-பைசா போல இரண்டு இடம். 1 மீட்டர் 5 சென்டிமீட்டர் என்றால் 1.05.

கிலோ, ஹெக்டோ, டெகா, டெசி என்று அளவுகளின் முன்னால் வரும் சொற்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஏணி போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பரீட்சைக்கு வேண்டுமானால் படிக்கட்டும், முதலிலேயே வேண்டாம். ஹெக்டோகிராம் (100 கிராம்) கணக்கில் யார் பருப்பு வாங்குகிறார்கள்? டெசி மட்டும் எங்கள் வீட்டிலேயே அகப்பட்டது. தாத்தாவின் சர்க்கரை ரிப்போர்ட்டில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, இத்தனை மில்லிகிராம் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

பரப்பளவு வரும்போது மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் சதுர மீட்டருக்கும் 100 என்று போட்டுவிடுவார்கள். அது 100 × 100, அதாவது 10,000 சதுர சென்டிமீட்டர். எங்கள் ஹாலில் இருப்பது 60 சென்டிமீட்டர் டைல்ஸ். ஒன்று 3600 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.36 சதுர மீட்டர். இவன் நூறால் வகுத்து 36 என்று கொண்டுவந்தான். "ஹாலே அவ்வளவு இல்லையேடா, ஒரு கல்லு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.