இலையுதிர் காலத்தில் பிள்ளைகளோடு தனியாகக் காம்பிங்: கேள்வி பதில்

எனக்கு ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவருக்கு வார இறுதியில்தான் வேலை. அதனால் இலையுதிர் காலத்தில் ரொறன்ரோவுக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கிற அல்கோன்குவின் பூங்காவுக்கு இவர்களைக் கூட்டிக்கொண்டு போவது நான் ஒருத்திதான். ரொறன்ரோ பக்கத்துத் தாய் தகப்பன்மார் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அஜாக்ஸிலிருந்து ஒரு அம்மா: அக்கா, எந்தக் கிழமை போனால் மரங்கள் வடிவாக இருக்கும்? இடம் கிடைக்குமா?

சிவப்புத்தான் வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியும் ஒக்டோபர் முதல் கிழமையும். மேப்பிள் மரங்கள் அப்போதுதான் பற்றி எரிவதுபோல நிற்கும். ஆனால் அந்தச் சனி ஞாயிறுகளில் மேற்கு வாசலில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். பின் சீற்றில் "எப்ப வரும், எப்ப வரும்" என்று இரண்டு பேர் கத்த, உதவிக்கு ஆளில்லாமல் அந்த வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை. நான் தாங்ஸ்கிவிங் (ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை) முடிந்த பிறகு போகிறவள். மேப்பிள் கொட்டியிருக்கும், ஆனால் தமராக் மரங்கள் பொன் மஞ்சளாக நிற்கும். ஊசியிலை மரம் இலை கொட்டுவதைப் பார்க்க என் மூத்தவளுக்குப் பெரிய புதினம்.

அந்த நேரம் பல முகாம்கள் மூடிவிடும். மியூ லேக் முகாம் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். மின்சார வசதியுள்ள இடங்களும், சூடாக்கிய வோஷ்ரூமும், யேர்ட் என்கிற வட்டக் கொட்டகைகளும் அங்கே உண்டு. பொதுவாக 5 மாதத்துக்கு முந்தியே, காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். யேர்ட் வேண்டுமென்றால் அலாரம் வைத்து எழும்புங்கள்.

மார்க்கத்திலிருந்து ஒரு அப்பா: இரவில் பிள்ளைகளுக்குக் குளிராதா?

இரவு பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கும், சில நாள் அதற்குக் கீழேயும் போகும். எல்லோரும் போர்வையை யோசிக்கிறார்கள், கீழே இருக்கிற நிலத்தை யோசிக்கிறதில்லை. காற்றடித்த பெரிய மெத்தையைக் கொண்டுபோனால் உள்ளே இருக்கிற காற்றே குளிர்ந்துவிடும். விடிய மூன்று மணிக்குப் பிள்ளை நடுங்கும், நீங்கள் மேலே மேலே போர்வை போட்டுக்கொண்டிருப்பீர்கள். நிலத்துக் குளிரைப் பாய் எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எண்தான் ஆர் மதிப்பு (R-value), அது 4 அல்லது அதற்கு மேல் உள்ள பாய் வாங்குங்கள். அல்லது சாதாரணப் பாய்க்குக் கீழே காற்றடிக்கத் தேவையில்லாத கெட்டி நுரைப் பாய் (closed-cell foam) ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள், மதிப்பு கூடும்.

ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். குளிராமல் நித்திரை கொள்ளக்கூடிய "சௌகரிய வெப்பநிலை" ஒன்று, சுருண்டு படுத்து ஒருமாதிரிச் சமாளிக்கக்கூடிய "கீழெல்லை" ஒன்று இருக்கும். கடைக்காரர் பெரிதாகப் போடுவது அனேகமாகக் கீழெல்லையைத்தான். பிள்ளைக்குச் சௌகரிய எண்தான் கணக்கு.

படுக்கப் போகும்போது நான் செய்கிறது இது. வெந்நீரை நல்ல மூடியுள்ள போத்தலில் ஊற்றி, போத்தலைக் கவிழ்த்து ஒழுகுதா என்று பார்த்து, தடித்த மேசு ஒன்றுக்குள் போட்டு, பிள்ளையின் காலடியில் வைப்பேன். பகல் முழுக்கப் போட்ட உடுப்பைக் கழற்றி, காய்ந்த உடுப்பும் தொப்பியும் மாட்டிவிடுவேன். வேர்வை காயாத உடுப்போடு படுத்தால் எந்தப் பேக்கும் உதவாது. அடுத்த நாள் உடுப்பைச் சுருட்டி அவர்கள் பேக்குக்குள்ளேயே வைத்தால் காலையில் சண்டை இல்லை.

அதே அப்பா: கூடாரத்துக்குள் சின்ன காஸ் ஹீற்றர் வைத்தால்?

வேண்டாம். அடுப்பும் வேண்டாம், கரித்தணலும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. "ஒக்சிஜன் குறைந்தால் தானாக நிற்கும்" என்று எழுதியிருக்கும் ஹீற்றரும் ஒக்சிஜனைத்தான் அளக்குது, மொனொக்சைட்டை அளக்கிறதில்லை. காரை ஓடவிட்டு அதற்குள் நித்திரை கொள்வதும் இதே ஆபத்துத்தான். குளிர் தாங்காது என்று பயமிருந்தால் யேர்ட் எடுங்கள், அதற்குள் மின்சார ஹீற்றர் இருக்கு.

பிரம்டனிலிருந்து: பத்து மாதக் குழந்தையைக் கொண்டுபோகலாமா?

கூடாரத்துக்கு என்றால் நான் கொண்டுபோகமாட்டேன். ஒரு வயதுக்குள் பிள்ளை கெட்டியான, தட்டையான படுக்கையில், தளர்ந்த போர்வையோ தலையணையோ இல்லாமல்தான் படுக்க வேண்டும். பூச்சியத்துக் குளிரில் அது நடக்கிற காரியமில்லை. அடுத்த ஜூலையில் போங்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தங்கச்சி: இரவு ஒருத்தன் மட்டும் வோஷ்ரூம் போக வேண்டும் என்று எழும்பினால் மற்றவனை என்ன செய்கிறது?

இதைக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது, நீங்களும் தனியப் பிள்ளை பார்க்கிற ஆள் என்று. நித்திரையில் இருக்கிறவனை விட்டுவிட்டும் போக ஏலாது, தூக்கிக்கொண்டும் போக ஏலாது. விடை, மூடியுள்ள ஒரு பொட்டி, அதாவது பிள்ளைகள் இருக்கிற சின்னக் கழிப்பறைச் சட்டி. கூடாரத்தின் முன்பகுதியில் சிப்புக்கும் வெளி மறைப்புக்கும் நடுவிலே அதை வையுங்கள், பக்கத்தில் ஒரு ரோர்ச். ஏழு வயதுக்காரி முதலில் வெட்கப்பட்டாள், வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்களுக்கும் சொல்கிறேன், வெட்கப்படாதீர்கள்.

மிசிசாகாவிலிருந்து: நான் கூடாரம் அடிக்கிற நேரம் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்?

காரிலேயே, சீற் பெல்ட்டோடு, கையில் மாலு பணிஸ். கூடாரம் எழும்பும் வரை கதவு திறந்தபடி, நான் பார்க்கிற தூரத்தில். இதற்கு முதல் வீட்டுப் பின்வளவில் கூடாரத்தைத் தனியாக அடித்துப் பழகியிருக்க வேண்டும். கம்பி எந்த ஓட்டைக்குள் என்று அங்கே போய் நின்று தேடக்கூடாது. ஒக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணிக்கு முந்தியே சூரியன் இறங்கிவிடும். பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே நிற்கிற மாதிரிப் புறப்படுங்கள். கூடாரம், சாப்பாடு, பல் விளக்கல் எல்லாமே வெளிச்சத்தில் முடிய வேண்டும். இருட்டில் இரண்டு கைதான் இருக்கு என்பது அப்போதுதான் விளங்கும்.

நியூமார்க்கெட்டிலிருந்து: என்ன சமைப்பீர்கள்?

அங்கே சமைக்கிறதில்லை, சூடாக்கிறதுதான். கோழிக்கறியையும் பருப்பையும் வீட்டில் காய்ச்சிப் பைகளில் உறைய வைத்துக் கூலருக்குள் போடுவேன், ஐஸ் வாங்கும் செலவும் மிச்சம். சோறு வேண்டாம், பாண் அல்லது ரொட்டி காணும்.

நம்மாட்கள் வீட்டில் வைத்திருக்கிற அந்தத் தட்டையான பியூட்டேன் அடுப்பைக் கொண்டுபோகாதீர்கள். பியூட்டேன் கொதிக்கிறது -0.5 பாகையில். காலையில் குளிர்ந்த தகரத்துக்குள் அது திரவமாகவே கிடக்கும், நீங்கள் தீக்குச்சி கிழித்துக்கொண்டே இருப்பீர்கள். புரொபேன் -42 வரை ஆவியாகும், அதைத்தான் எடுங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள், மரத்துக்குள்ளே பூச்சியும் சேர்ந்து போகும். ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டு இப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. பூங்காவிலேயே வாங்கலாம்.

படுக்கமுதல் நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, திரும்பவும் ஊற்றுங்கள். சாம்பலுக்குக் கீழே தணல் காலைவரை இருக்கும், முதலில் எழும்பி ஓடுகிறது நாலு வயதுதான்.

விட்பியிலிருந்து: கரடி வருமே?

கருங்கரடிகள் இருக்கின்றன, இலையுதிர் காலத்தில் அவை குளிர்காலத்துக்கு முன் கொழுக்கத் தீனி தேடும். அவை தேடுவது மணத்தை. ஆகவே சாப்பாடு, ஜூஸ் பெட்டி, பற்பசை, சவர்க்காரம், பாவித்த நப்பி எல்லாம் இரவில் காருக்குள். கோட்டுப் பையையும் உதறிப் பாருங்கள், பாதி பிஸ்கற் எப்போதும் இருக்கும். கருவாடு வீட்டிலேயே இருக்கட்டும்.

பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். சின்னவனைத் தூக்கி, பெரியவளைக் கையில் பிடித்து, சத்தமாகக் கதைத்துக்கொண்டு பின்னாலே நகருங்கள். நடைமுறையில் நீங்கள் சந்திக்கப்போவது ரக்கூனைத்தான்.

ஒஷாவாவிலிருந்து ஒரு அம்மா: மழை பெய்தால்?

எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். 8 பாகையில் மழைதான் ஆபத்து, வெறும் குளிரை விட மோசம். ஜீன்ஸும் பருத்தி மேசும் நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஃபிளீஸ் அல்லது கம்பளி, மேலே மழைக்கோட்டு, ரப்பர் சப்பாத்து. மேசு மட்டும் நினைக்கிறதைவிட இரண்டு மடங்கு எடுங்கள். நடுங்குகிற பிள்ளையைவிட நடுக்கம் நின்று, தடுமாறி, வாய்குழறி, பேசாமல் இருக்கிற பிள்ளைக்குத்தான் பயப்பட வேண்டும். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததுக்குள் சுற்றி, காரில் ஏற்றி 911 எடுங்கள்.

திரும்புவதா இல்லையா என்று பின்னேரம் நாலு மணிக்கு முடிவெடுங்கள். இரவு பதினொன்றுக்கு எடுத்தால் நித்திரையில்லாத நீங்கள் பூங்காவுக்குள்ளால் போகிற 60ஆம் நெடுஞ்சாலையில் இருட்டில் மூஸ் என்கிற பெரிய மான் நடமாடுகிற இடத்தால் ஓட்டுகிறீர்கள். இரவைக் கடத்த முடியாது என்று பட்டால் வெளிச்சத்திலேயே மேற்கு வாசல் பக்கத்து ஊரான ஹன்ஸ்வில்லுக்கு இறங்கி மொட்டலில் அறை எடுங்கள். காசு போகட்டும்.

பிக்கரிங்கிலிருந்து: பகலில் எங்கே நடக்கலாம்?

ஸ்புரூஸ் பொக் போர்ட்வோக், 1.5 கிலோமீற்றர், இடையிடையே பலகைப் பாதை. நாலு வயதுக்கு அளவானது. லுக்அவுட் பாதை பெயர்போனது, காட்சியும் நல்லது, ஆனால் மேலே பாறை விளிம்பில் வேலி இல்லை. ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளை என்றால் நான் அங்கே ஏறமாட்டேன். மழைக்கு வரவேற்பு மையம் இருக்கு, பாடம்செய்த மிருகங்களைப் பார்த்தே ஒரு மணித்தியாலம் போகும்.

பெயர் சொல்லாத ஒரு தங்கச்சி: மாமி கேட்கிறா, "தனியப் பொம்பிளை போய், உனக்கே ஏதும் நடந்தால்?"

மாமி சரியாகத்தான் கேட்கிறா. எனக்குக் கால் சுளுக்கினால் ஏழு வயதுக்காரி என்ன செய்ய வேண்டும் என்று புறப்படமுதலே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கார்ச் சாவியில் சிவப்புப் பொத்தானை அமத்தினால் ஹோர்ன் அடிக்கும், அடுத்த இடத்து ஆட்கள் வருவார்கள். முகாம் பெயரும் எங்கள் இட எண்ணும் அவளுக்குப் பாடம், சின்னவனின் கையில் பேனையால் எழுதிவிடுவேன். போனதும் பக்கத்து இடத்தவர்களுக்கு ஒரு "ஹலோ" சொல்லி, நான் தனிய என்று தெரியவிடுவேன். சிலர் அதை மறைக்கச் சொல்வார்கள். எனக்கு அவர்கள் என்னைக் கவனிப்பதே நல்லது. குடும்பம் எதுவும் இல்லை, நாலு ஆண்கள் குடிக்கிற இடம் என்றால் மட்டும் வாசலில் வேறு இடம் கேளுங்கள், வெட்கமில்லை. சாவி தலைமாட்டில். இட எண்ணையும் திரும்புகிற நேரத்தையும் மாமிக்கே அனுப்பிவிடுங்கள். போன் சிக்னல் எல்லா இடமும் வராது, பதில் பிந்தினால் பதறவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒருவர்: பெற்றோல்?

ஹன்ஸ்வில்லில் நிரப்புங்கள். பூங்காவுக்குள் நெடுஞ்சாலையில் 56 கிலோமீற்றருக்குப் பங்க் இல்லை.