டியூக்கையே எதிர்த்துப் பேசுற டீச்சரம்மா

கேள்வி: அக்கா, நான் கொழிஞ்சாம்பாறைல இருந்து பாலக்காட்டுக்குப் போய் ஒரு பெரிய வீட்டுல ரெண்டு பசங்களுக்கு ஹோம் டியூஷன் எடுக்கிறேனுங்க. பஸ்ல ரீஜென்சி ரொமான்ஸா, அதான் அந்தக் காலத்து இங்கிலாந்துல நடக்கற காதல் கதைங்களா, படிச்சுத் தள்றேன். எல்லாத்துலயும் கவர்னஸ் (வீட்டோட தங்கிப் பசங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற டீச்சர்) பொண்ணு வேலைக்கு வந்த அன்னிக்கே டியூக்கை, அதான் அந்த வீட்டுப் பெரிய பிரபுவ, எதிர்த்துப் பேசுது, அவரும் மயங்கிடறாரு. எனக்கு ஃபீஸ் லேட்டாகுதுன்னு சொல்றதுக்கே வாய் வரமாட்டேங்குது. அப்பெல்லாம் நெசமாவே இப்படிப் பேசியிருப்பாங்களா?

பதில்: பேசியிருக்கலாம் கண்ணு, மறுநாள் பெட்டியக் கட்டியிருக்கணும். ரீஜென்சிங்கறது 1811-ல இருந்து 1820 வரைக்கும், இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜுக்கு புத்தி சரியில்லாம போய் மகன் ஆட்சியப் பாத்துக்கிட்ட காலம். அப்ப கவர்னஸ் ரெண்டுங்கெட்டான் நிலைமை, வேலைக்காரங்களோடவும் ஒட்ட முடியாது வீட்டுக்காரங்களும் சேத்துக்க மாட்டாங்க, ராத்திரி சாப்பாடு பல வீட்டுல பசங்க படிக்கிற ரூமுக்கே தட்டுல வந்துடும். வீட்டம்மா நல்லவிதமா ஒரு லெட்டர் எழுதித் தரலேன்னா அடுத்த வீடு கிடைக்கறது கஷ்டம், வாய மூடி வச்சது அந்த லெட்டர்தான். சம்பளத்தக் கேட்டா இன்னும் கொடுமை. ரீஜென்சி முடிஞ்சு இருபது வருஷம் கழிச்சு, 1841-ல, ‘ஜேன் ஐர்’ நாவல் எழுதுன சார்லட் பிரான்டி கவர்னஸா போனப்ப வருஷத்துக்கு 20 பவுண்டு, அதுலயும் துணி வெளுக்கன்னு புடிச்சதுபோக கைக்கு வந்தது சுமார் 16. வருஷத்துக்குங்க, மாசத்துக்கில்ல!

அதுக்காக இந்தக் கதைங்கள நான் குறை சொல்லமாட்டேன், நானும் விடிய விடிய படிக்கிற ஆளுதான். ஆனா பிடிவாதம் எதுக்காகங்கறதப் பாருங்க. பையன பட்டினி போட்டு ரூம்ல பூட்டுன்னு சொன்னா முடியாதுன்னு நிக்கிறா, நிக்கிறப்பவே ஊருக்குத் திரும்ப குதிரை வண்டிக்குக் காசு தேறுமான்னு மனசுக்குள்ள கணக்குப் போடறா பாருங்க, அவதான் ஹீரோயின். சும்மா டியூக்கோட டையக் கிண்டலடிக்கிறது வெறும் வாய்த்துடுக்கு. இன்னொண்ணு, கடைசில அவ ஏதோ பிரபுவோட பேத்தின்னு கண்டுபிடிப்பாங்களே, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்ப ஏழைப் பொண்ணு பேசுனது தப்பு, பெரிய வீட்டுப் பொண்ணு பேசுனதால சரின்னு ஆயிடுதுல்ல?

உங்க ஃபீஸுக்கு வருவோம். பசங்களோட அப்பாகிட்ட கேக்காதீங்க, அம்மாவுக்கு ஒண்ணாம் தேதியே வாட்ஸப்ல ஒரு வரி தட்டி விடுங்க. ஓணத்துக்கு முன்னாடியே பழைய பாக்கியயும் வாங்கிடுங்க, விட்டா ஓணச் செலவுன்னு அடுத்த மாசத்துக்கு இழுத்துடுவாங்க.