மடகாஸ்கரில் குரங்கு ஏன் இல்லை?

கேள்வி: ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருந்தும் மடகாஸ்கரில் சிங்கம், யானை, குரங்கு எதுவும் கிடையாதாமே, உண்மையா? (தேனி வாசகர்)

உண்மைதான். பக்கம் என்றாலும் குறுகலான இடத்திலேயே நடுவில் சுமார் 400 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. அது மட்டுமில்லை, அந்தத் தீவு ஒரு காலத்தில் நம் இந்தியாவோடு ஒட்டியிருந்தது. இரண்டும் ஒரே துண்டாக ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பி, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் தனித்தனியாகப் பிரிந்தன; அப்போது உலகத்தில் குரங்கே பிறக்கவில்லை. பிற்பாடு, புயலில் பெயர்ந்து கடலில் மிதந்த மரங்களைப் பற்றிக்கொண்டு, குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான லெமூர் என்ற விலங்கின் முன்னோர்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். போட்டிக்குக் குரங்கு இல்லாததால் அவை பெருகி இன்று சுமார் நூறு வகை ஆகிவிட்டன.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அய்-அய். ராத்திரியில் மரக்கிளையில் உட்கார்ந்து, குச்சி போன்ற நடுவிரலால், நாம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்போமே அப்படி, படபடவென்று தட்டும். காதைக் கிட்டே வைத்துக் கேட்டு, உள்ளே புழு குடைந்த இடம் தெரிந்ததும் பல்லால் கொறித்து ஓட்டை போட்டு, அதே விரலை விட்டுப் புழுவை இழுத்துத் தின்னும். இதைக் கண்டாலே அபசகுனம் என்று சில ஊர்களில் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை.

கேள்வி: ஒரே தீவில் மழைக்காடும் முள்காடும் எப்படி? (காரைக்குடி வாசகி)

எல்லாம் காற்றின் வேலை. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கிழக்கு மலைச்சரிவில் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்குக் கரையில் சில இடங்களில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை; தென்மேற்கு மூலையில் 400 வந்தாலே பெரிது. அந்த வறண்ட பக்கத்துப் பெருக்க மரங்கள் (ஆங்கிலத்தில் பாவோபாப்) அடிமரத்தில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் இலையே இல்லாமல் நிற்கும்.

கேள்வி: எப்போது போகலாம், சார்? (திருப்பூர் வாசகர்)

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் நல்லது. போனால் அண்டசிபே காட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், இந்திரி லெமூர் குடும்பமாகச் சேர்ந்து கத்துவது இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அடைத்து வைத்தால் அது பிழைப்பதில்லை, அதனால் அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.